முழங்கை வரை கையுறை

உலான் காற்று எழுந்துவிட்டால் மருந்து அடிப்பதை நிறுத்திவிட வேண்டும். ஏரியின் மேற்குக் கோடியிலிருந்து கிளம்பி வரும் அந்தக் காற்றுக்கு மரம் எது, மனிதன் யார் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஆப்பிள் இலைக்கென்று பீய்ச்சியதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, அடித்தவன் மூஞ்சியிலேயே அப்பிவிட்டுப் போய்விடும். அதற்குப் பயந்துதான் துருஸ்பெக்கும் அவன் அக்கா புருஷன் கலிக்கும் விடிகிற நேரத்துக்கே தோட்டத்தில் இறங்கியிருந்தார்கள். காற்று வருவதற்குள் பன்னிரண்டு வரிசை முடிய வேண்டும். வெயில் நன்றாக ஏறிய பிறகும் முடிந்திருந்தது நாலரை வரிசைதான்.

நேரத்தைத் தின்றது குழாய். டிராக்டருக்குப் பின்னால் தொட்டி, தொட்டிக்கு மேல் பெட்ரோல் எஞ்சின், எஞ்சினோடு பம்பு, பம்பிலிருந்து ஐம்பது மீட்டர் குழாய், குழாயின் நுனியில் மருந்து பீய்ச்சும் துப்பாக்கி. இத்தனையும் அந்த அழுத்தத்தைத் தாங்கின. நடுவில் இரண்டு குழாய்த் துண்டுகள் சேரும் இடத்தில் இருந்த இரும்புப் பட்டை மட்டும் ஒரு மாதத்துக்கு முன்பே இற்று விழுந்துவிட்டது. சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து அந்த இடத்தை வரிந்து கட்டியிருந்தார்கள். அழுத்தம் ஏறினால் கட்டுக்குள்ளிருந்து மருந்து நாலு பக்கமும் சீறும். கலிக் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குழாயையும் இழுத்துக்கொண்டு, பின்னாலேயே நடந்தான்.

"மச்சான், விடுங்க. எஞ்சினை அணைக்கிறேன். மறுபடி கட்டிடலாம்."

"கட்டிக் கட்டி என் சைக்கிள்ல இப்ப ஒரு சக்கரத்துக்குத்தான் டியூப் இருக்கு மாப்ள. அதையும் அறுத்தா உங்க அக்காவை எதுல உட்கார வச்சு ஊர் சுத்தறது?"

"எப்ப சுத்தினீங்க?"

"நினைச்சுப் பார்க்கக்கூட கூடாதா? அடி அடி, காத்து வந்துடும்."

கலிக்கின் கையில் இருந்தது, கட்டட வேலைக்காரர்கள் போடுகிற நூல் கையுறை. அது எப்போதோ ஊறிப் போய் மணிக்கட்டு வழியே சொட்டிக்கொண்டிருந்தது. துருஸ்பெக்கின் கையில் முழங்கை வரைக்கும் வரும் பச்சை ரப்பர் கையுறை இருந்தது. முகத்தில் இரண்டு பக்கமும் வட்ட டப்பா வைத்த முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. இதெல்லாம் முதலாளி அர்ஸ்தான்பெக் கொடுத்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மாசியில் மாவட்டத் தலைநகரில் ஒருநாள் வகுப்பு நடந்தது. மருந்து அடிக்கும் இயந்திரத்தை ஆபத்தில்லாமல் எப்படி இயக்குவது என்று ஒரு அம்மாள் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். தோட்டத்துக்கு ஒரு ஆள் என்று கூப்பிட்டிருந்தார்கள், துருஸ்பெக் போனான். முதலில் வெறும் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார். எங்காவது கசிந்தால் மருந்து ஊற்றாதே. மருந்தை அதன் சொந்தப் பாட்டிலைத் தவிர வேறெதிலும் வைக்காதே. வேலை நடக்கும் தோட்டத்தில் வேறு ஆளை விடாதே. கையுறையைக் கழற்றுவதற்கு முன் கையுறையோடு கையைக் கழுவு. கழற்றிய பிறகு சோப்புப் போட்டு மறுபடி கழுவு. அதுவரைக்கும் வாயில் எதுவும் வைக்காதே. எல்லாவற்றையும் அவன் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து கலிக்குக்கு வாசித்துக் காட்டினான். கலிக் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் சரி, அந்த அம்மா தோட்டத்துக்கு முதலாளி யாரு?" என்று கேட்டான்.

வகுப்பு முடிந்ததும் கையுறையும் முகமூடியும் கண்ணாடியும் போட்டு ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள். தோட்டத்துக்கு ஒரு ஆள், அதனால் தோட்டத்துக்கு ஒரு பை. இந்தத் தோட்டத்தில் மருந்து அடிப்பது இரண்டு பேர் என்பது பை கொடுத்தவர்களுக்குத் தெரியாது. முதல் வாரம் இருவரும் தொட்டிக்குத் தொட்டி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மாற்றும்போதெல்லாம் கையுறைக்கு உள்ளேயும் ஈரம் போனது. "நீயே வச்சுக்கடா, உனக்குப் பிள்ளைங்க சின்னதுங்க" என்றான் கலிக். துருஸ்பெக் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

முதலாளியிடம் இன்னொரு ஜோடி கையுறையும் ஒரு குழாய்ப் பட்டையும் கேட்டு மூன்று முறை போயாகிவிட்டது. அர்ஸ்தான்பெக் கத்துகிற மனிதரில்லை, அதுதான் தொல்லை. தோளில் கை போட்டுக்கொள்வார். "தம்பி, நீயும் நானும் ஒரே வம்சம். ஏழாவது பாட்டன் நமக்கு ஒருத்தரே. உன்கிட்டயா நான் கணக்குப் பார்ப்பேன்? சொல்லி வச்சிருக்கேன், வர்ற வாரம் வந்துடும்." ஏழாவது பாட்டன் ஒருவரே என்பது உண்மை. வருகிற வாரம் மட்டும் மே முழுக்க வரவில்லை, ஜூனிலும் வரவில்லை.

மருந்தையும் அவரே கொண்டுவந்தார், கலர் பாட்டிலில். ஆரஞ்சுப் படம் ஒட்டிய இரண்டு லிட்டர் பாட்டிலில் பூண்டு அழுகின மாதிரி நாற்றத்தோடு மஞ்சளாக ஒன்று. பெரிய கேனில் எங்கிருந்தோ வாங்கி, தோட்டம் தோட்டமாகப் பிரித்து ஊற்றி அனுப்புகிறார்கள். இதன் பெயர் என்ன என்று துருஸ்பெக் ஒருநாள் கேட்டான். "பேர் தெரிஞ்சா புழு சீக்கிரம் சாகுமா?" என்று அர்ஸ்தான்பெக் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

ஐந்தாவது வரிசை முடியும்போது தோட்டத்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கதவில் துருஸ்பெக் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தான், யாரும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. அந்தத் துணியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு முதலாளியின் வெள்ளை ஜீப் வந்தது. அவரே ஓட்டி வந்தார். பக்கத்தில் உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்த ஒரு பெரியவர், பின்னால் பட்டுத் தலைக்குட்டை கட்டிய ஒரு அம்மாள். எஞ்சினை அணைக்கச் சொல்லி அர்ஸ்தான்பெக் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"நம்ம சம்பந்தி வீடு" என்றார் இறங்கியதும். முகமெல்லாம் பல். "கல்யாணத்துக்கு முன்னாடி பையனோட தோட்டத்தைப் பார்க்கணும்னாங்க. நான் சொன்னேன், என் ஆளுங்க வேலை செய்யறதையும் பாருங்கன்னு. எல்லாம் ஒரே ரத்தம்."

பெரியவர் நேராக வந்து இரண்டு கையையும் நீட்டினார். அந்த ஊரில் நீட்டிய கைக்குக் கை கொடுக்காதவன் எதிரி, இல்லாவிட்டால் பைத்தியம். கலிக் அவசரமாக நூல் கையுறையின் நடுவிரல் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். கையைக் கால்சட்டையில் இரண்டு தேய் தேய்த்துவிட்டுப் பெரியவரின் கையைப் பற்றிக் குனிந்தான். பெரியவர் துருஸ்பெக் பக்கம் திரும்பினார்.

துருஸ்பெக் முகமூடியைக் கீழே இறக்கினான். கையை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு தலை குனிந்தான். "மன்னிக்கணும் ஐயா. கை முழுக்க மருந்து."

பெரியவரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு தொப்பியைச் சரிசெய்யப் போவதுபோல மேலே போனது.

"கழட்டிட்டுக் குடுடா" என்றார் அர்ஸ்தான்பெக், சிரித்த முகம் மாறாமல்.

"கழுவாம கழட்டக் கூடாதுண்ணே. தண்ணி வண்டியில இருக்கு. ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம் பெரியவர் நிக்கணுமா? ஒருநாள் வகுப்புக்குப் போய்ட்டு வந்து பேராசிரியராயிட்டான் சம்பந்தி!"

சம்பந்தியம்மாளுக்கு இந்த இறுக்கம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. பையிலிருந்து துணிச் சுருளை எடுத்துப் பிரித்து, வட்ட ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து நீட்டினார். "பாவம், விடியக்காலையிலேர்ந்து நிக்கறீங்க. எங்க வீட்டு ரொட்டி, ஒரு வாய் வச்சிட்டுப் போங்க." நீட்டிய ரொட்டியில் ஒரு வாய் வைக்காமல் யாரும் நகர மாட்டார்கள். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன்கூட நின்று கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடுவான். துருஸ்பெக் அசையவில்லை. மறுபடி மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அர்ஸ்தான்பெக்கின் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

அப்போதுதான் கலிக் நடுவில் புகுந்தான். எந்த வீட்டில் சண்டை வந்தாலும் நடுவில் போய் நிற்கிற ஆள் அவன். "அவனை விடுங்கம்மா. அவன் பொண்டாட்டி போட்டாத்தான் சாப்பிடுவான், அவ்வளவு பயம். அவன் பங்கையும் நானே தின்னுடறேன்." ஒரு துண்டை வாங்கி வாயில் போட்டான். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, இரண்டாவது துண்டையும் வாங்கினான். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளை ரொட்டியில் அவன் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சளாக ஈரம் ஊறியிருந்ததை துருஸ்பெக் பார்த்தான். வாய்வரைக்கும் வந்த சொல்லை அவன் விழுங்கிவிட்டான். ஏற்கனவே ஒரு மரியாதையைக் கெடுத்தாகிவிட்டது.

ஜீப் போய்விட்டது. வீட்டுக்குப் போனதும் சம்பந்திகளின் கைக்கு முதலாளியம்மாள் செம்பிலிருந்து மூன்று முறை வெந்நீர் ஊற்றியிருப்பாள், விருந்துக்கு முன் அதுதான் வழக்கம்.

"எதுக்கு மச்சான் தின்னீங்க?"

"பின்ன? நீ கிழவர் மூஞ்சியில கரி பூசிட்ட. நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் வேலை வேணுமா வேணாமா?"

"கையைக் கழுவிட்டாவது வாங்கியிருக்கலாம்."

"விருந்தாளி முன்னாடி கையைக் கழுவினா, உங்களைத் தொட்டது அசிங்கம்னு சொல்ற மாதிரி ஆகாதா? உன் நோட்டுல இதையெல்லாம் எழுதலையாக்கும்."

ஏழாவது வரிசையில் கலிக் இரண்டு முறை துப்பினான். பிறகு துப்பிக்கொண்டே இருந்தான். வாயோரம் எச்சில் கோழையாக வழிந்தது. ஜூன் மாதக் காலையில் மழையில் நனைந்தவன் மாதிரி சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"மாப்ள, மேகம் போட்டிருக்கா?"

"இல்லையே."

"எனக்கு இருட்டா இருக்குடா."

திரும்பிப் பார்ப்பதற்குள் கலிக் குழாயை விட்டுவிட்டு மண்டி போட்டிருந்தான். பிடி விட்ட இணைப்பிலிருந்து மருந்து பீறிட்டு அவன் கழுத்திலும் மார்பிலும் அடித்தது. துருஸ்பெக் ஓடிப்போய் எஞ்சினை அணைத்தான். கலிக்கின் சட்டையைக் கிழித்து எறிந்தான். குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீர் முழுவதையும் அவன் மேல் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்தான். நோட்டில் எழுதியிருந்த ஒவ்வொன்றும் வரிசையாக நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வர வர ஆத்திரமும் வந்தது. கலிக்கின் கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது, வயிறு துள்ளித் துள்ளி இழுத்தது. அவனைத் தோளில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுபோய், உருளைக்கிழங்கு ஏற்றிப்போன ஒரு லாரியை மறித்து ஏற்றினான். அதற்குள் உலான் எழுந்து ஏரி முழுவதும் நுரை கட்டியிருந்தது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தவுடனேயே ஊசி மருந்து எடுக்கச் சொல்லி நர்ஸை விரட்டினாள். "என்ன மருந்து அடிச்சீங்க?"

துருஸ்பெக் தோட்டத்திலிருந்து கையோடு எடுத்துவந்திருந்த ஆரஞ்சுப் படம் போட்ட பாட்டிலை நீட்டினான். அவள் மூடியைத் திறந்து மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். "இதைக் கலர் பாட்டில்ல ஊத்தினது யாரு? பேரு என்ன இதுக்கு?"

"தெரியாது. கேட்டேன். சொல்லலை."

முதலாளிக்குப் போன் போட்டான். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்து, "விருந்தாளி இருக்காங்க, வர்றேன்" என்றார். பெயரைச் சொல்லவில்லை. டாக்டரம்மா தன் மூக்கையும் கலிக்கின் கண்ணையும் நம்பி ஊசிக்கு மேல் ஊசியாகப் போட்டாள். மத்தியானத்துக்குள் எச்சில் நின்றது, வாய் காய்ந்தது, கண்மணி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. "பிழைச்சிட்டாரு. கை நடுக்கம் கொஞ்ச நாள் இருக்கும். எவ்வளவு நாள்னு கேட்காதீங்க" என்றாள். தாளில் எழுதியதை துருஸ்பெக் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பூச்சிமருந்து விஷம், வேலை நேரத்தில், என்றிருந்தது.

அக்கா அசில்கான் பள்ளிக்கூடச் சமையல் உடுப்போடு ஓடிவந்தாள். தலையில் வெள்ளைக் குல்லாய், மார்பில் பால் கஞ்சிக் கறை. புருஷனைப் பார்த்தாள், பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் இடுப்பில் தொங்கிய பச்சைக் கையுறையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று துருஸ்பெக்குக்குத் தோன்றியது.

மறுநாள் காலை, டாக்டரம்மாவின் முறை முடிந்து அவள் போன பிறகு, அர்ஸ்தான்பெக் வந்தார். ஒரு முழு ஆட்டுத்தொடை வேகவைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கூடவே பெரிய டாக்டரும் வந்தார். அசில்கான் அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள், நூற்றுப்பத்துப் பிள்ளைகளின் கஞ்சி யாருக்காகவும் காத்திருக்காது. முதலாளி கட்டிலில் உட்கார்ந்து கலிக்கின் காலைப் பிடித்துவிட்டார்.

"நேத்து எனக்குச் சோறு இறங்கலை தம்பி. பத்து நாள்ல சான்றிதழ் குடுக்கிறவன் வர்றான். தோட்டத்துல ஆளுங்களுக்குப் பாதுகாப்பு எப்படின்னு ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்பான். மருந்துல ஒருத்தன் விழுந்தான்னு தாள் இருந்தா சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லேன்னா நகரத்துக் கடைக்காரன் ஒரு ஆப்பிள் வாங்க மாட்டான். பதினோரு குடும்பம் அந்தத் தோட்டத்தை நம்பி இருக்கு."

"அதுக்குத்தானே அண்ணே குழாய்ப் பட்டை கேட்டோம்" என்றான் துருஸ்பெக்.

"நான் கலிக்கோட பேசறேன்." அவன் பக்கம் அவர் திரும்பவேயில்லை. "அதுவும் எங்க சம்பந்தியம்மா கையால ரொட்டி வாங்கித் தின்னுட்டு விழுந்திருக்க. ரொட்டி தின்னு விழுந்தான்னு ஊர் பேசினா அந்தப் பொண்ணு என் வீட்டுக்கு எந்த முகத்தோட வரும்?"

கலிக் முகம் சுண்டிப்போனான். "ஐயோ, ரொட்டியைச் சொல்வேனாண்ணே? அது பாவம்."

"அப்ப வீட்டுல ஏதாவது சாப்பிட்டதுன்னு இருக்கட்டும். குளிர்காலத்துக்கு மூடி வைக்கிற தக்காளி ஜாடின்னு வச்சுக்க. போன வருஷம் போட்டது, கெட்டுப்போச்சு. யார் வீட்டுல நடக்காதது?"

"வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் வர்றாங்க, சகஜம்" என்றார் பெரிய டாக்டர், ஒரு புதுத் தாளையும் பேனாவையும் நீட்டிவிட்டு, சன்னலைப் பார்த்துக்கொண்டு.

"மச்சான், வேணாம்" என்றான் துருஸ்பெக். "அந்தப் பொண்ணு உண்மையைத்தான் எழுதியிருக்கா. நான் என் கண்ணால பார்த்தேன். நீங்க கையெழுத்துப் போட்டா நாளைக்கும் இதே குழாய்தான், இதே கலர் பாட்டில்தான்."

"கத்தாத மாப்ள, தலை வலிக்குது."

"கத்தாமத்தான் மூணு தடவை கேட்டேன்!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கலிக் கண்ணை மூடித் திறந்தான். பதினோரு குடும்பம், சம்பந்தியம்மாளின் மரியாதை, பொண்டாட்டி வழி ஏழாவது பாட்டன், எல்லாம் சேர்ந்து அவன் படுக்கையின் மேல் உட்கார்ந்திருந்தன. பேனாவை வாங்கினான். கை நடுங்கி எழுத்து தாளை விட்டு வெளியே ஓடியது. பெரிய டாக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்து உதவினார். அந்தப் பேச்சில் நாலு ஆண்கள் இருந்தார்கள். அந்தத் தக்காளியைப் போட்டவள் யார், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது நாலு பேரில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. துருஸ்பெக்குக்கும்தான் வரவில்லை. அதை அவன் பிறகு எத்தனையோ தடவை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டான்.

மூன்றாம் நாள் கலிக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் மத்தியானம் சுகாதார ஆட்களின் வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது.

ஒரு அம்மாளும் ஒரு டிரைவரும். அம்மாள் வாசலிலேயே முகமூடி போட்டுக்கொண்டாள். ஒரு உறையைக் கிழித்துப் புத்தம் புது நீல ரப்பர் கையுறையை எடுத்து ஒவ்வொரு விரலாக நுழைத்தாள். அது முழங்கை வரைக்கும் வந்தது. கலிக்குக்குச் சூப்பு கொடுக்க வந்திருந்த துருஸ்பெக் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நிலவறையிலிருந்து ஜாடிகளை வெளியே எடுத்தார்கள். தக்காளி ஒன்பது, வெள்ளரி ஐந்து, பாதாமி ஜாம் நாலு. பாதாமிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அசில்கான் கேட்டாள். எல்லாம் ஒரே கைதானே போட்டது என்று பதில் வந்தது. இரண்டு ஜாடியைச் சோதனைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கத்தியால் மூடியை நெம்பி நெம்பித் திறந்து கொல்லைக் குழியில் கொட்டினார்கள். ஒரு தகர மூடி வழுக்கியது. அந்த அம்மாள் "ஸ்ஸ்" என்று கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். ரத்தம் வரவில்லை. குழியில் சிவப்பாகக் கிடந்த தக்காளி மேல் டிரைவர் வெள்ளைப் பொடியை அள்ளித் தூவினான்.

"உங்க சுகாதாரப் புத்தகம் குடுங்க" என்றாள் அந்த அம்மாள்.

அந்தப் புத்தகம் இல்லாமல் யாரும் பள்ளிக்கூடச் சமையலறைக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அசில்கானுக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது.

"எதுக்கு?"

"விசாரணை முடியற வரைக்கும் எங்ககிட்ட இருக்கும்."

"பதினோரு வருஷம் சமைச்சிருக்கேன். ஒரு பிள்ளைக்கு வயிறு வலிச்சிருக்கா? போய்க் கேளுங்க, ஒரு பிள்ளைக்கு!"

"அம்மா, நான் என்ன பண்ணட்டும்? வீட்டுச் சாப்பாட்டுல விஷம்னு உங்க வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டிருக்காரே."

வேலியோரப் பலகையில் கம்பளி போர்த்து உட்கார்ந்திருந்த கலிக் தலையைத் தூக்கவில்லை.

"அது தக்காளி இல்லை, மருந்து!" துருஸ்பெக் நடுவில் வந்து நின்றான். "நான் கூட இருந்தேன். முதல்ல பார்த்த டாக்டரம்மா எழுதினாங்க. தோட்டத்துக்கு வாங்க, குழாயைக் காட்டறேன், பாட்டிலைக் காட்டறேன். அங்க போய்ச் சோதனை பண்ணுங்களேன்!"

"தோட்டம் வேற பிரிவு தம்பி. என் கையில இருக்கிற தாள்ல தக்காளின்னுதான் இருக்கு."

அசில்கான் உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மாள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையுறையை உரித்துக் குப்பை வாளியில் எறிந்தாள்.

"புதுசுதானே, ஏன் எறியறீங்க?" என்றான் துருஸ்பெக்.

"விஷம் பட்டிருக்கலாம்னு சந்தேகம் இருந்தா ஒரு தடவைக்கு மேல போடக்கூடாது. விதி." வண்டி போய்விட்டது.

துருஸ்பெக்கின் போன் அடித்தது. அர்ஸ்தான்பெக். குரலில் அதே அன்பு. "தம்பி, நாளைக்குக் காத்து இருக்காதாம். மிச்ச வரிசையை முடிச்சிடுங்க. கலிக் உட்கார்ந்தபடியாவது குழாயைப் பிடிக்கட்டும். பட்டை சொல்லி வச்சிருக்கேன், வர்ற வாரம்."

சத்தம் அசில்கானுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் புருஷனைப் பார்த்தாள். கம்பளிக்கு வெளியே கிடந்த அவன் கை, சூப்புக் கிண்ணத்தின் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவள் குப்பை வாளியிலிருந்து இரண்டு நீலக் கையுறையையும் எடுத்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"அக்கா, நீ வேணாம்."

"நீ அன்னிக்கு நோட்டை வாசிச்சுக் காட்டினியே, நானும்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். முதல்ல தண்ணி விட்டுப் பார்க்கணும்."

குழாயடியில் ஒரு கையுறையைப் பிடித்து முழுவதும் தண்ணீர் நிரப்பி, வாயை முறுக்கித் தூக்கிப் பிடித்தாள். அது ஒழுகவில்லை. இரண்டாவதில் நிரப்பினாள். ஐந்து விரலும் விறைத்துப் பருத்து நின்றன. கட்டைவிரலில், தகர மூடி வழுக்கிய இடத்திலிருந்து, நூல்போல ஒரு தண்ணீர்க் கோடு வெளியே வந்து அவள் காலில் விழுந்தது.

கலிக் பலகையிலிருந்து எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். சைக்கிளை வெளியே உருட்டி வந்து கவிழ்த்துப் போட்டு, டியூப் மிச்சமிருந்த ஒரே சக்கரத்திலிருந்து அதை உருவினான். கத்தி கையில் நிற்கவில்லை. துருஸ்பெக் வாங்க வந்தான், கொடுக்கவில்லை. மூன்று தடவை வழுக்கி, நாலாவது தடவையில், கட்டைவிரலைச் சுற்றிக் கட்டுகிற அளவுக்கு ஒரு துண்டு அறுத்து எடுத்து, அசில்கானிடம் நீட்டினான்.